வெயில், சத்தம், கரும்பலகை உயரம்: தொடக்கப் பள்ளிக் கட்டடம் எப்படி இருந்தால் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறும்?

நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டன் பகுதியில் பி.எஸ். 98 என்றொரு தொடக்கப் பள்ளி. அதன் ஒரு பக்கத்து வகுப்பறைகளுக்கு அருகே, தூண்கள் மேல் ரயில் பாதை போகிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை ரயில் வரும். வந்தால் டீச்சர் பேசுவதை நிறுத்திவிடுவார், அல்லது தொண்டை கிழியக் கத்துவார். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும். பள்ளியின் மறுபக்கத்து வகுப்பறைகளில் இந்தத் தொல்லை கிடையாது.

1970களில் அர்லீன் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் ஒரு வேலை செய்தார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். 1975இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது இதுதான்: ரயில் பக்கத்தில் படித்த பிள்ளைகள், ஆறாம் வகுப்புக்கு வரும்போது அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி ஒன்றுதான், பாடத்திட்டமும் ஒன்றுதான். வித்தியாசம், எந்தப் பக்கத்து அறை என்பது மட்டுமே.

பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள். வகுப்பறைகளுக்குச் சத்தத்தை உறிஞ்சும் உட்கூரை போட்டார்கள். மறுபடி அளந்து பார்த்து 1981இல் வெளியிட்ட முடிவில், இரண்டு பக்கத்துக்கும் இடையே இருந்த இடைவெளி காணாமல் போயிருந்தது.

கட்டடம் பிள்ளைகளின் படிப்பைத் தொடுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது. ஆனாலும் நம் ஊரில் பள்ளிக்கூடக் கட்டடம் என்றாலே, ‘எத்தனை வகுப்பறை, எத்தனை லட்சம், யார் திறந்து வைத்தது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ‘கட்டியாச்சு, பெயின்ட் அடிச்சாச்சு, அப்புறம் என்ன?’

தமிழ்நாட்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவில் அரசுப் பள்ளிகளில் புதிய வகுப்பறைகளும் பிற வசதிகளும் செய்யப்படும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஒரு வகுப்பறை கட்டினால் 40, 50 வருஷம் நிற்கும். தாத்தா உட்கார்ந்த அறையில் பேரன் உட்காருவான். அதனால், அந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்று கட்டுவதற்கு முன்னால் யோசிப்பது நல்லது.

ஓர் அறைக்கு அவ்வளவு சக்தியா?

இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பீட்டர் பாரெட் தலைமையிலான குழு 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளை அளந்தது. 3,766 பிள்ளைகள் ஒரு கல்வியாண்டில் வாசிப்பு, எழுத்து, கணக்கில் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதை அந்த அறைகளோடு பொருத்திப் பார்த்தது. 2015இல் வந்த அறிக்கையின்படி, பிள்ளைகளுக்குள் காணப்பட்ட முன்னேற்ற வித்தியாசத்தில் 16 சதவீதத்தை வகுப்பறையின் அமைப்பைக் கொண்டே விளக்க முடிந்தது.

16 தானா என்று தோன்றலாம். வீடு, ஆசிரியர், உடல்நலம், முன்பு படித்தது என்று ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கும் விஷயங்கள் எத்தனை! அத்தனைக்கும் நடுவில் நான்கு சுவருக்கு 16 சதவீதம் என்பது சின்னப் பங்கு அல்ல. அதிலும் ஏறக்குறையப் பாதி, வெளிச்சம், காற்று, வெப்பம் ஆகிய மூன்றிலிருந்தே வந்தது. மீதி, அறை எவ்வளவு நெகிழ்வாக இருக்கிறது, பிள்ளைகள் அதைத் தங்கள் இடமாக உணர்கிறார்களா, சுவர்களின் நிறமும் நெரிசலும் எப்படி என்பவற்றிலிருந்து.

இன்னொன்றையும் அந்தக் குழு கவனித்தது. பள்ளியின் பிரம்மாண்டம், முகப்பு, மொத்தப் பரப்பு போன்றவற்றைவிட, பிள்ளை நாள் முழுவதும் உட்காரும் அந்த ஓர் அறைதான் முக்கியம். வளைவு வைத்த நுழைவாயிலுக்குப் பணம் ஒதுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

இது இங்கிலாந்தின் குளிர் நாட்டுக் கணக்கு. நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. அங்கே வெயில் உள்ளே வர வேண்டும் என்று ஏங்குவார்கள். இங்கே வெயிலை வெளியே நிறுத்தி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட வேண்டும். அந்த வித்தையைக் கற்க இங்கிலாந்தைவிட புர்கினா ஃபாஸோவுக்குப் போவது நல்லது.

காண்டோ கிராமத்துப் பள்ளிக்கூடம்

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஏழை நாடு புர்கினா ஃபாஸோ. அங்கே காண்டோ என்ற கிராமத்துத் தலைவரின் மகன் ஃபிரான்சிஸ் கேரே, 1965இல் பிறந்தவர். கிராமத்தில் பள்ளிக்கூடமே இல்லை. ஏழு வயதில் வேறு ஊருக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அந்த வகுப்பறையில் 100க்கும் மேற்பட்ட பிள்ளைகள். காற்று வராது, வெளிச்சம் இல்லை, வெளியே 40 டிகிரி வெயில். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதே, பெரியவனானதும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்று நினைத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

தச்சு வேலை கற்க உதவித்தொகையில் ஜெர்மனி போனவர், பெர்லினில் கட்டடக்கலை படித்தார். படிப்பு முடியும் முன்பே, 1998இல் நண்பர்களோடு ஓர் அமைப்பைத் தொடங்கிப் பணம் திரட்டினார். சொந்த ஊரில் பள்ளி கட்டினார். 2001இல் கட்டி முடித்த அந்தத் தொடக்கப் பள்ளிக்கு 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2022இல் கட்டடக்கலையின் நோபல் என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் விருது கேரேவுக்கு வந்தது. அந்த விருதை வாங்கிய முதல் ஆப்பிரிக்கர் அவர்.

‘மண்ணிலா கட்டப் போறே? மழை வந்தா கரைஞ்சு போயிடுமே’ என்பதுதான் ஊரின் முதல் சந்தேகம். நியாயமான சந்தேகம். மண் வீடுகள் மழையில் கரைவதை ஒவ்வொரு வருஷமும் பார்த்த ஜனங்கள் அவர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன் கண்ணாடியும் கான்கிரீட்டும் கொண்டு வருவான் என்று எதிர்பார்த்திருந்தார்கள். கேரே, உள்ளூர்க் களிமண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திய செங்கல்லை வைத்துச் சுவர் எழுப்பினார். தடிமனான மண் சுவர் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஊர்ப் பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்தார்கள், பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள், தரையைக் கூட்டமாக நின்று அடித்து இறுக்கினார்கள்.

ஆனால் அந்தக் கட்டடத்தின் சூட்சுமம் சுவரில் இல்லை, கூரையில் இருக்கிறது.

ஆப்பிரிக்கக் கிராமங்களில் தகரம் கௌரவத்தின் அடையாளம். நம் ஊரிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். ஓலை போய்த் தகரம் வந்தால் முன்னேற்றம். ஆனால் தகரம் வெயிலில் காய்ந்தால் கீழே இருப்பவர்களை அடுப்பில் வைத்த மாதிரி வாட்டும். கேரே தகரத்தை விடவில்லை, தூக்கி வைத்தார். வகுப்பறைக்கு மேலே துளைகளோடு ஒரு களிமண் உட்கூரை. அதற்கு மேலே இடைவெளி விட்டு, கம்பிகளை வளைத்துப் பற்றவைத்த சட்டங்களின் மேல் அகலமான தகரக் கூரை. வெயில் தகரத்தில் அடிக்கும், தகரம் சுடும், அந்தச் சூட்டை நடுவில் இருக்கும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். வகுப்பறையின் சூடான காற்று உட்கூரையின் துளைகள் வழியாக மேலே ஏறும், ஜன்னல் வழியாகப் புதுக் காற்று கீழே வரும். தகரம் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால் மண் சுவரில் மழையும் படாது, வெயிலும் படாது. மின்விசிறி இல்லை, கரன்ட் பில் இல்லை.

120 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி அது. இப்போது 700 பேர் வரை படிக்கிறார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்து சேர்ந்ததால் கட்டடத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

நம் ஊர் மொட்டை மாடி

தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு அருகே, 8 முதல் 13 டிகிரி அட்சரேகை வரை இருக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் உச்சி வெயில் ஏறக்குறையத் தலைக்கு மேலே. அதனால் ஒற்றை மாடிக் கட்டடத்தில் சூடு அதிகம் வாங்குவது சுவர் அல்ல, கூரை. காலை முழுக்கக் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் மதியத்துக்கு மேல் கீழே இறக்கும். சத்துணவு சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளைகள் இரண்டு மணிக்குத் தூங்கி விழுவதற்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லக் கூடாது.

பழைய ஓட்டுக் கட்டடப் பள்ளிகளில் படித்தவர்கள் ‘அந்த ரூம் ஜில்லுன்னு இருக்கும்’ என்பார்கள். அது வெறும் பழைய நினைப்பு இல்லை. உயரமான கூரை, ஓடுகளுக்கு நடுவே இடுக்குகள், முன்னால் ஒரு தாழ்வாரம்; சூடான காற்று மேலே போய் இடுக்கு வழியாக வெளியேறிவிடும். கேரே செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஓடு உடைந்து விழுவதும் பாம்பு வருவதும் தனிக் கதை. அதற்காக மொத்தத்தையும் மறந்துவிட வேண்டியதில்லை.

வெப்பத்துக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் பெரிய அளவில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஜோஷுவா குட்மேன், ஜிசுங் பார்க் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒரே தேர்வை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதிய 1 கோடி மாணவர்களின் மதிப்பெண்களை வைத்து 2020இல் ஆய்வு வெளியிட்டனர். ஏசி இல்லாத பள்ளிகளில், ஒரு கல்வியாண்டின் சராசரி வெப்பம் 1 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டின் கற்றல் 1 சதவீதம் குறைகிறது. அவர்கள் ஆராய்ந்தது உயர்நிலைப் பள்ளி மாணவர்களை. சின்னப் பிள்ளைகள் இதைவிடத் தாங்குவார்கள் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

அப்படியானால் ஏசி போட்டுவிடலாமா? சில தனியார் பள்ளிகள் அதைத்தான் விளம்பரத்தில் போடுகின்றன. ஆனால் 35 பிள்ளைகள் மூச்சு விடும் அறையின் ஜன்னலைச் சாத்தினால் கரியமில வாயு மளமளவென்று ஏறும். புதுக் காற்று உள்ளே வர வழி இல்லாத ஏசி அறையில் உடம்பு குளிரும், மூளை மந்தமாகும். அரசுப் பள்ளிகளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும். மாலை வெயில் அடிக்கும் மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். ஒரே பக்கம் நான்கு ஜன்னல் வைத்துப் பயனில்லை. அதற்கு மேல், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சைத் தளத்தில் அடிக்கலாம். தமிழ்நாட்டில் சில அரசுப் பள்ளிகளில் இந்தப் பூச்சைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அடித்துவிட்டு மறந்தால் தூசி படிந்து பலன் குறைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் கழுவ ஆள் வேண்டும்.

‘டீச்சர், கேக்கல!’

சத்தத்தைப் பற்றிப் பேச ரயில் தேவையில்லை. பக்கத்து வகுப்பே போதும்.

ஒரே நீள ஹாலில் இரண்டு, மூன்று வகுப்புகள் நடக்கும் தொடக்கப் பள்ளிகள் இன்னும் உண்டு. அந்தப் பக்கம் வாய்ப்பாடு, இந்தப் பக்கம் ஆத்திசூடி. பெரியவர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். இரைச்சலுக்கு நடுவே காதில் பாதி விழுந்தாலும் மீதியை அனுபவத்தால் நிரப்பிக்கொள்ளலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த அனுபவம் இல்லை. பேச்சை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் திறன் பதின்ம வயதில்தான் முழுமையடைகிறது. ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் ஒலியில் வித்தியாசம் காட்டும் டீச்சரின் உழைப்பு, மூன்றாவது வரிசையைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடுகிறது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கும், காதில் லேசான குறை உள்ள பிள்ளைக்கும் இன்னும் கஷ்டம்.

வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல். எதிரொலி 0.6 நொடியில் அடங்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சிமென்ட் பூசிய சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம் என்று எல்லாமே வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும் நம் புது வகுப்பறைகளில் கைதட்டிப் பாருங்கள். ‘கணீர்’ என்று திரும்பி வரும். பளபளப்புதான் காரணம்.

தடுப்புச் சுவரைத் தளம் வரை எழுப்புவது, பின்சுவரில் துணி போர்த்திய பலகையோ கயிற்று நார்ப் பலகையோ அடிப்பது, தரையில் பாய் விரிப்பது என்று சின்னச் சின்ன வழிகளே பாதிச் சத்தத்தைக் குடித்துவிடும். தகரக் கூரை என்றால் உட்கூரை கட்டாயம். இல்லாவிட்டால் மழை வந்தால் பாடம் நின்றுவிடும்.

மூன்றரை அடி உயரத்திலிருந்து பார்த்தால்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் சுமார் மூன்றரை முதல் மூன்றேமுக்கால் அடி. வழக்கமாக ஜன்னலின் அடிக்கட்டை மூன்றடி உயரத்தில் இருக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த பிள்ளையின் கண் இரண்டு அடிக்கும் கீழே. அந்தக் கண்ணுக்கு ஜன்னல் வழியே தெரிவது ஒரு துண்டு வானம் மட்டும். கரும்பலகையின் அடிவிளிம்பும் பெரும்பாலும் மூன்றடியில்தான். டீச்சருக்கு வசதி. பிள்ளை எட்டி எழுதினால் பலகையின் கீழ்ப் பாதிதான் கைக்குக் கிடைக்கும். கைகழுவும் குழாய், கதவுத் தாழ்ப்பாள், கழிவறைப் பீடம், சுவிட்ச் எல்லாவற்றிலும் இதே கதை. கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் எட்டாததால் தோழியைக் காவலுக்கு நிறுத்தும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்!

இதைத் தமிழ்நாடு ஒரு முறை நன்றாகவே யோசித்திருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னெடுப்பில், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி முறையைத் தழுவி, மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டைகளையும் ஏணிப்படிகளையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதோடு அறையும் மாறியது. சுவர்களின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் கரும்பலகையாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு ஒதுக்கினார்கள். தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிட்டார்கள். டீச்சர் நாற்காலியை விட்டுப் பாய்க்கு வந்தார். அந்தக் கல்வி முறை மேல் விமர்சனங்கள் உண்டு. பிறகு அது மாறி, 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. ஆனால் தன் பெயரைத் தானே எழுதிப் பார்க்கத் தனக்கென்று ஒரு முழம் சுவர் கிடைத்த பிள்ளைக்கு அந்த அறை தன்னுடையது. சால்ஃபோர்டு ஆய்வு அதையும் ஒரு காரணியாகக் கணக்கில் சேர்த்திருக்கிறது.

கட்டடத்தையே பாடமாக்குவதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனது டெல்லியின் விந்யாஸ் அமைப்பு. கபீர் வாஜ்பேயி உருவாக்கிய ‘பாலா’ என்ற அந்த யோசனையில், கதவு திறக்கும் தரையில் 30, 45, 60, 90 டிகிரி என்று கோடு போட்டிருக்கும். கதவைத் தள்ளினால் கோணம் தெரியும். ஜன்னல் கம்பி, விரலால் வருடிப் பழகும் எழுத்து வளைவுகளாக இருக்கும். படிக்கட்டு எண்வரிசை ஆகும். மின்விசிறி இறக்கைகளில் நிறம் பூசி, சுற்றும்போது நிறங்கள் கலப்பதைக் காட்டலாம். செலவு அதிகமில்லை. எப்படியும் ஜன்னலுக்குக் கம்பி வைக்கத்தான் போகிறோம்.

சுவர் முழுக்கப் படமா?

இங்கேதான் ஓர் எச்சரிக்கை. நல்ல எண்ணத்தோடு சுவரில் ஓர் அங்குலம் விடாமல் படம் வரைந்துவிடுகிறார்கள். சோட்டா பீம், ரயில் பெட்டி, பழங்கள், தலைவர்கள், மயில், திருக்குறள் எல்லாம் ஒரே சுவரில். வெளியே இருந்து பார்க்க அழகு. உள்ளே உட்கார்ந்து படிக்க?

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷரும் சக ஆய்வாளர்களும் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். அதே பிள்ளைகளுக்குச் சில பாடங்கள் அலங்காரம் நிறைந்த அறையில், சில பாடங்கள் வெறும் சுவருள்ள அறையில். 2014இல் வெளியான முடிவுப்படி, அலங்கார அறையில் பிள்ளைகள் பாட நேரத்தில் 38.6 சதவீதத்தை வேறெங்கோ பார்த்துக் கழித்தார்கள். வெறும் அறையில் 28.4 சதவீதம். பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்குச் சரியாகச் சொன்னது அலங்கார அறையில் 42 சதவீதம், வெறும் அறையில் 55 சதவீதம்.

அதற்காகச் சுண்ணாம்பு அடித்து மூளியாக விட வேண்டும் என்று அர்த்தமில்லை. சால்ஃபோர்டு குழுவின் யோசனை, சுவர்ப்பரப்பில் 20 முதல் 50 சதவீதம் வரை காலியாக விடலாம் என்பது. படங்களைத் தாழ்வாரத்திலும் வெளிச்சுவரிலும் வைத்துக்கொண்டு, கரும்பலகை இருக்கும் சுவரை மட்டுமாவது அமைதியாக விட்டால் பெரிய உபகாரம். பெயின்டர் வரைந்த மயிலைவிட நான்காம் வகுப்புப் பிள்ளை வரைந்த கோணல் மயிலுக்கு அங்கே உரிமை அதிகம். அதை மாதம் ஒரு முறை மாற்றவும் முடியும்.

வரிசையா, ‘ப’ வடிவமா?

‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படம் கிளப்பிவிட்ட பேச்சு, 2025 ஜூலையில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. கடைசி பெஞ்சே இல்லாமல் ‘ப’ வடிவில் பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்று பள்ளிக் கல்வித் துறை சொன்னதும் விவாதம் சூடு பிடித்தது. ‘பக்கவாட்டில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும், கண் பாதிக்கும்’ என்று ஒரு தரப்பு. ‘40 பேரை எப்படி ப வடிவில் உட்கார வைப்பது’ என்று இன்னொரு தரப்பு.

இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. தனியாக உட்கார்ந்து கணக்குப் போட வரிசை நல்லது. கூடிப் பேச வட்டம் நல்லது. ஒரு வடிவத்தை வருஷம் முழுக்க ஆணி அடித்து வைப்பதுதான் பிரச்சினை. இரும்பு பெஞ்சையும் டெஸ்க்கையும் ஒன்றாக வெல்டிங் செய்து போட்டுவிட்டால், எட்டு வயதுப் பிள்ளைகளால் அதை நகர்த்த முடியாது. அப்புறம் ‘ப’வும் கிடையாது, வட்டமும் கிடையாது.

வரிசையாக உட்காருவது ஏதோ ஆதி காலத்திலிருந்து வந்த வழக்கமும் அல்ல. நம் திண்ணைப் பள்ளியில் பெஞ்சு ஏது? மணலில் விரலால் எழுதினார்கள், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது. மதராஸ் எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பார்த்த மணல் எழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் தன் பள்ளியில் புகுத்தி, 1797இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. அதே காலத்தில் அங்கே ஜோசப் லங்காஸ்டரும் இது போன்ற முறையில் பள்ளி நடத்தினார். ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேற்பார்க்க, நீண்ட ஹால்களும் பெஞ்சு வரிசைகளும் எழுந்தன. கற்பிக்கும் முறை மாறினால் அறையும் மாறியிருக்கிறது. அறை மாறாமல் முறை மட்டும் மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் இப்போது நடக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, ஓர் ஆசிரியருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை என்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அதாவது ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு அறை இருந்தால் சட்டப்படி சரி. ஈராசிரியர் பள்ளிகளின் நிலை இதுதான். ஓர் அறையில் மூன்று வகுப்புகள் இருக்கப்போகின்றன என்று தெரிந்தும், ஒரே ஒரு கரும்பலகையோடு, ஒரே பக்கம் பார்க்கும் அறையைக் கட்டுவானேன்? மூன்று சுவரில் மூன்று பலகை, மூலைக்கு ஒரு பாய், நடுவில் டீச்சர் நடமாட இடம். வரைபடத்திலேயே இதைப் போடலாம்.

முதலில் உயிர்

இவ்வளவும் பேசுவதற்கு முன்னால் கட்டடம் பிள்ளையைக் கொல்லாமல் இருக்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் சமையல் கூரையில் பற்றிய தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 பிள்ளைகள் இறந்தார்கள். வெளியேறக் குறுகலான படிக்கட்டுதான் இருந்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள்.

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. திருநெல்வேலிக்குப் பிறகு பழுதடைந்த கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. இரண்டும் சரிதான். ஆனால் இடித்த இடத்தில் புதுக் கட்டடம் வரும்வரை பல ஊர்களில் பிள்ளைகள் மரத்தடியிலும் வாடகை இடத்திலும் படிக்க வேண்டி வந்தது. அவசரத்தில் கட்டும்போது எங்கேயோ போட்ட பழைய வரைபடம்தான் மறுபடி வரும். சமையல் கூடம் வகுப்பறையிலிருந்து தள்ளி இருப்பது, கதவு வெளிப்பக்கம் திறப்பது, ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி இருப்பது, சாய்தளம் வழியாகச் சக்கர நாற்காலி உள்ளே வருவது: இவற்றுக்கெல்லாம் தனி நிபுணர் வேண்டியதில்லை. கட்டி முடித்த பிறகு மாற்றுவதுதான் கஷ்டம்.

பெற்றோர் எங்கே கேட்பது?

பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். புதுக் கட்டடம் வருகிறதென்றால், பூமி பூஜைக்கு முன்னால் வரைபடத்தைக் குழுக் கூட்டத்தில் விரித்துக் காட்டச் சொல்லலாம். எந்தப் பக்கம் மேற்கு, ஜன்னல் எத்தனை அடியில், கரும்பலகை எத்தனை அடியில் என்று மூன்று கேள்வி போதும். ஜன்னல் கட்டையை ஓர் அடி இறக்குவதற்கும் பலகையைத் தாழ்த்துவதற்கும் பெரிய செலவு ஆகாது. கம்பியைக் கெட்டியாகப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்கனவே கட்டிய அறை என்றால், ஒரு மதியம் இரண்டரை மணிக்குப் போய்ப் பின்வரிசைப் பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம். பலகையில் வெயில் பட்டுக் கண் கூசுகிறதா, டீச்சரின் குரல் வருகிறதா, சட்டை நனைகிறதா என்று தெரிந்துவிடும். தெரிந்ததை அந்த மாதக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்கலாம்.

மேற்குச் சுவர் சுட்டால் அந்தப் பக்கம் ஒரு புங்கன் கன்று நடலாம். நிழல் பிடிக்க நாலைந்து வருஷம் ஆகும். இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கும். தம்பி, தங்கை அந்த நிழலில் உட்காருவார்கள். அதுவரைக்கும் அந்தச் சுவருக்கு ஒரு தென்னங்கீற்றுத் தட்டியைக்கூடக் கட்ட முடியாது. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளியில் கீற்று கூடாது. பச்சை வலைதான் கட்ட வேண்டும்.